ஏஎம்டியின் உற்பத்தித் திறன், விலை, சந்தைப் பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினிச் செயலிகளை வடிவமைக்கும் அமெரிக்க நிறுவனமான ஏஎம்டியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்தச் செயலி வேகமானது என்பதிலேயே நின்றுவிடுகிறது. அந்த நிறுவனத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால், வேகத்தில் முந்திய ஆண்டுகளிலும் சந்தையில் முந்த முடியாமல் போனதும், அதற்குப் பெரும்பாலும் போதிய சில்லுகள் கையில் இல்லாததே காரணமாக இருந்ததும் தெரியவரும். அதனால் இங்கே உள்ள கேள்விகள் தயாரிப்புகளின் தரத்தைவிட அவற்றைத் தயாரிக்கும் திறனையும், அந்தத் திறன் விலையையும் பங்கையும் எப்படித் தீர்மானிக்கிறது என்பதையும் பற்றியவை.

ஏஎம்டிக்குச் சொந்த ஆலையே இல்லை. அப்படியிருக்க அதன் உற்பத்தித் திறன் என்று எதைச் சொல்கிறோம்?

பிறருடைய ஆலையில் தனக்கென அது ஒதுக்கி வைத்திருக்கும் இடத்தைத்தான். சில்லுகள் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான சிலிக்கான் தகடுகளின் மேல் உருவாகின்றன. வேஃபர் எனப்படும் இந்தத் தகடுகளில் மாதத்துக்கு எத்தனை, எந்த நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் (எண் சிறிதாகச் சிறிதாகத் தொழில்நுட்பம் புதியது) ஏஎம்டிக்காக ஓடும் என்பதைத் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்துடன் அது முன்கூட்டியே பேசி முடித்துவைக்கிறது. நவீனத் தொழில்நுட்பத்தில் ஒரு வேஃபர் ஆலைக்குள் நுழைந்து வெளிவரச் சுமார் 3 மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். அதன் பிறகு வெட்டி, உறையிட்டு, சோதித்து அனுப்பச் சில வாரங்கள் போகும். ஆகவே இன்று கடைக்கு வரும் செயலியின் எண்ணிக்கை பல மாதங்களுக்கு முன் எடுத்த முடிவின் விளைவு. புதிய தொழில்நுட்பத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்ற பேச்சோ அதற்கும் ஓரிரு ஆண்டுகள் முன்பே நடந்திருக்கும்.

இந்தக் கால இடைவெளியை மனத்தில் வைக்காமல் ஏஎம்டியின் விலைகளையும் பங்கையும் புரிந்துகொள்ள முடியாது. தேவை திடீரென்று இரட்டித்தாலும் உற்பத்தி அந்தக் காலாண்டிலேயே இரட்டிக்காது. தேவை திடீரென்று வற்றினாலும் ஆலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வேஃபரை நிறுத்திவைக்க முடியாது.

ஒரு காலத்தில் அதற்குச் சொந்த ஆலைகள் இருந்தனவே. ஏன் கைவிட்டது?

1969-ல் தொடங்கிய நிறுவனம், நாற்பது ஆண்டுகள் தன் சில்லுகளைப் பெரும்பாலும் தானே தயாரித்தது. நிறுவனர் ஜெர்ரி சாண்டர்ஸ் ஆலை வைத்திருப்பதைப் பெருமையாகவே கருதினார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இயங்கிய ஃபேப் 30 என்ற ஆலைதான் அத்லான் 64, ஆப்டெரான் செயலிகளின் பிறப்பிடம். 2003-ல் வெளிவந்த ஆப்டெரானும் அத்லான் 64-ம் ஏஎம்டியின் முக்கியப் போட்டியாளரான இன்டெலின் செயலிகளைவிடப் பல வேலைகளில் சிறந்து நின்றன. வாங்க ஆள் இருந்தார்கள். கொடுக்கச் சரக்கு இல்லை. ஃபேப் 30 பயன்படுத்தியது 200 மில்லிமீட்டர் வேஃபர். இன்டெல் அதற்குள் பல ஆலைகளில் 300 மில்லிமீட்டருக்கு மாறியிருந்தது. விட்டம் ஒன்றரை மடங்கு என்றால் பரப்பு 2.25 மடங்கு, ஒரு வேஃபருக்கு ஆகும் செலவு அந்த அளவு உயர்வதில்லை. ஒரே நேரத்தில் அளவிலும் செலவிலும் பின்தங்கிய நிலை அது.

பற்றாக்குறையைச் சரிசெய்ய ஏஎம்டி இரண்டு வழிகளில் போனது. டிரெஸ்டனிலேயே 300 மில்லிமீட்டர் ஆலையான ஃபேப் 36-ஐ 2005 அக்டோபரில் திறந்தது. சிங்கப்பூரின் சார்ட்டர்ட் நிறுவனத்தோடு 2004-ல் ஒப்பந்தம் போட்டு, 2006-ல் அங்கும் உற்பத்தியைத் தொடங்கியது. அதே 2006-ல் டெல் நிறுவனமும் முதன்முறையாக ஏஎம்டி செயலிகளை வாங்க முன்வந்தது. டெல்லின் தேவையை நிரப்பப் போனபோது, பல ஆண்டுகளாகத் தன்னைத் தாங்கிவந்த சிறு விற்பனையாளர்களுக்குச் சரக்குப் போதவில்லை. ஜூலையில் இன்டெல் கோர் 2 செயலிகளை வெளியிட்டு, பழைய செயலிகளின் விலையைக் கடுமையாகக் குறைத்தது. ஏஎம்டியின் புதிய ஆலைகள் முழு அளவில் ஓடத் தொடங்கிய நேரமும், அதன் செயலிகள் மலிவாக மட்டுமே விற்கக்கூடியவையாக மாறிய நேரமும் ஒன்றாகிவிட்டன. அதற்கு மேல், வரைகலைச் சில்லுகளை உருவாக்கிய ஏடிஐ நிறுவனத்தை 5.4 பில்லியன் டாலருக்கு வாங்கிய கடன் சுமையும் சேர்ந்தது. 2007-ல் நிகர நட்டம் 3 பில்லியன் டாலரைத் தாண்டியது, 2008-லும் அப்படியே.

ஆலை என்பது காலியாக இருந்தாலும் தேய்மானச் செலவைத் தின்றுகொண்டே இருக்கும். அடுத்த தலைமுறை ஆலைக்கான பில்லியன்களைத் திரட்டும் வலு ஏஎம்டியிடம் இல்லை. எனவே 2008 அக்டோபரில் அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனத்தோடு உடன்பாடு கண்டு, 2009 மார்ச்சில் ஆலைகளைக் குளோபல் ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்தது. திறமையான வடிவமைப்பாளர்களின் உழைப்பு ஆலைக் கணக்கில் கரைந்துபோன காலம் அது. இன்றுவரை ஏஎம்டியின் ஒவ்வொரு முடிவிலும் அந்த அனுபவத்தின் தடம் தெரிகிறது.

ஆலைகளைப் பிரித்ததும் சுமை நீங்கியதா?

உடனே நீங்கவில்லை. பிரிவினையோடு சேர்ந்து வேஃபர் வழங்கல் ஒப்பந்தம் ஒன்றும் வந்தது. தன் செயலிகளைக் குளோபல் ஃபவுண்ட்ரீஸிடமே தயாரிக்க ஏஎம்டி கட்டுப்பட்டது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக வாங்கினால் பணம் கட்ட வேண்டும். 28 நானோமீட்டர் சில்லுகளை வேறிடத்தில் தயாரிக்கும் உரிமைக்காக 2012 மார்ச்சில் 425 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வாங்குவதாகச் சொன்ன வேஃபர்களை வாங்க முடியாததால் அதே ஆண்டு டிசம்பரில் மேலும் 320 மில்லியன் டாலர். 2016-ல் ஒப்பந்தத்தைத் தளர்த்த 100 மில்லியன் டாலரோடு, 75 மில்லியன் பங்குகளைப் பங்குக்கு 5.99 டாலர் விலையில் வாங்கும் உரிமையையும் அபுதாபி தரப்புக்கு வழங்கியது.

கதவு திறந்தது 2018 ஆகஸ்டில். 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிடுவதாகக் குளோபல் ஃபவுண்ட்ரீஸே அறிவித்தது. ஏஎம்டி தன் முன்னணிச் செயலிகள் அனைத்தையும் டிஎஸ்எம்சியிடம் கொண்டுபோனது. 2019 ஜூலையில் தனிநபர் கணினிகளுக்கான 7 நானோமீட்டர் ரைசன் செயலிகளும் அடுத்த மாதம் அதே தொழில்நுட்பத்தில் எபிக் சர்வர் செயலிகளும் வந்தன. இன்டெல் அப்போது 10 நானோமீட்டரில் பல ஆண்டுத் தாமதத்தில் சிக்கியிருந்தது. உற்பத்தித் தொழில்நுட்பத்தில் இன்டெலைவிட முன்னே நிற்கும் நிலை ஏஎம்டிக்கு வாய்த்தது அப்போதுதான்.

சிப்லெட் முறை உற்பத்தித் திறனைக் கூட்டுகிறது என்கிறார்களே, எப்படி?

ஒரு செயலியை ஒரே பெரிய சில்லாக ஆக்காமல் பல சிறு சில்லுகளாகப் பிரித்துத் தயாரித்து இணைப்பதே சிப்லெட் முறை. இதைக் கணக்கோடு பார்ப்பது நல்லது. 300 மில்லிமீட்டர் வேஃபரின் பரப்பு ஏறத்தாழ 70,700 சதுர மில்லிமீட்டர். 600 சதுர மில்லிமீட்டர் கொண்ட ஒரே பெரிய சில்லாகச் சர்வர் செயலியை வடிவமைத்தால், ஓரங்களில் வீணாவது போக ஒரு வேஃபரில் 90 சில்லுகள் வரை கிடைக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 குறைபாடு என்று எடுத்துக்கொள்வோம். சில்லு பெரிதாக இருப்பதால் அவற்றில் ஏறக்குறைய பாதியில் எங்காவது ஒரு குறைபாடு விழுந்துவிடும். தேறுவது சுமார் 50 செயலிகள்.

அதே வேலையை 74 சதுர மில்லிமீட்டர் கொண்ட எட்டுச் சிறு சில்லுகளாகப் பிரித்தால், ஒரு வேஃபரில் 870-க்கு மேற்பட்ட சில்லுகள் கிடைக்கின்றன. சிறிய சில்லின் மேல் குறைபாடு விழும் வாய்ப்பும் சிறியது என்பதால் 800-க்கு மேல் தேறும். எட்டெட்டாகச் சேர்த்தால் சுமார் 100 செயலிகள். ஒரே வேஃபர், ஒரே ஆலை, ஒரே குறைபாட்டு விகிதம். ஆனால் இரு மடங்கு செயலிகள். நடைமுறையில் பெரிய சில்லிலும் பழுதான கோர்களை (செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளை) மட்டும் அணைத்துவிட்டு விலை குறைந்த செயலியாக விற்க முடியும் என்பதால் இடைவெளி கொஞ்சம் சுருங்கும். அப்படியிருந்தும் அது பெரிய இடைவெளிதான்.

74 சதுர மில்லிமீட்டர் என்பது 2019-ல் வந்த ஜென் 2 தலைமுறையின் கோர் சில்லுகளுடைய உண்மையான அளவு. அவற்றை இணைக்கும் உள்ளீடு, வெளியீட்டுச் சில்லை ஏஎம்டி பழைய, மலிவான தொழில்நுட்பத்தில் குளோபல் ஃபவுண்ட்ரீஸிடமே தயாரித்தது. அதனால் அரிதான 7 நானோமீட்டர் இடம் கோர்களுக்கு மட்டுமே செலவாயிற்று. பழைய ஒப்பந்தத்தின் வேஃபர் கடமையும் பயனுள்ள வழியில் தீர்ந்தது. இன்னொரு நன்மையும் உண்டு. அதே கோர் சில்லு மேசைக் கணினிக்கும் போகலாம், சர்வருக்கும் போகலாம். எந்தச் சந்தைக்கு எத்தனை என்ற முடிவை வேஃபர் ஆலையைவிட்டு வெளியே வந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம். சொந்த ஆலை இல்லாத நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது என்பது என் கருத்து. ஏஎம்டியின் மீட்சியை ஜென் வடிவமைப்பின் வெற்றியாக மட்டும் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

வேஃபர் கிடைத்துவிட்டால் போதுமா?

போதாது. 2021-ல் பல நிறுவனங்களின் உற்பத்தியைத் தடுத்தவற்றுள், சில்லைத் தாங்கும் ஏபிஎஃப் அடித்தளப் பலகைகளின் தட்டுப்பாடும் ஒன்று. செயற்கை நுண்ணறிவுக்கான எம்ஐ300 வரிசை வந்தபின் வேறு இரண்டு முடிச்சுகள் முளைத்தன. ஒன்று, கணிப்புச் சில்லுகளையும் நினைவகத்தையும் அருகருகே இணைக்கும் டிஎஸ்எம்சியின் கோவாஸ் பேக்கேஜிங். மற்றொன்று, எச்பிஎம் எனப்படும் அதிவேக நினைவகம். அதை உலகில் எஸ்கே ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தாம் பெருமளவில் தயாரிக்கின்றன. இவ்விரண்டிலும் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளில் போட்டியாளரான என்விடியா, ஏஎம்டியைவிடப் பெரிய வாடிக்கையாளராக முன்னால் நிற்கிறது. எனவே ஏஎம்டியின் செயற்கை நுண்ணறிவு உற்பத்தியை வேஃபர் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிடுவது தவறாகவே முடியும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் எதை முதலில் தயாரிக்கிறது?

ஒரு வேஃபரிலிருந்து எது அதிக லாபம் தருமோ அதையும், ஒப்பந்தப்படி கொடுத்தே தீர வேண்டியதையும். 2020 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜென் 3 செயலிகள், புதிய ரேடியான் வரைகலை அட்டைகள், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே 7 நானோமீட்டர் இடம்தான். விளையாட்டுப் பெட்டிகளின் சில்லு பெரியது, லாபம் குறைவு. ஆனால் சோனிக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் கொடுத்த வாக்கை மீற முடியாது. மிஞ்சியதில் சர்வர் செயலிகளுக்கும் விலையுயர்ந்த மடிக்கணினிச் செயலிகளுக்கும் முன்னுரிமை கிடைத்தது.

கடைசியில் நின்றவர்கள் குறைந்த விலையில் வாங்குவோர். 2019-ல் ஆறு கோர் ரைசன் 5 3600 செயலியின் விலை 199 டாலர். 2020-ல் அதன் அடுத்த தலைமுறையில் மிக மலிவாகக் கிடைத்த ஆறு கோர் செயலி 5600எக்ஸ். விலை 299 டாலர். 200 டாலருக்கு அருகில் ஆறு கோர் ஜென் 3 செயலி வர 2022 ஏப்ரல் ஆயிற்று. கணினியைத் தாமே பாகம் பாகமாகச் சேர்த்துக்கொள்பவர்கள்தாம் சோதனையான ஆண்டுகளிலும் ஏஎம்டியின் பக்கம் நின்றவர்கள். அவர்களுக்கு எழுந்த மனக்குறை நியாயமானது. ஆனால் போதிய வேஃபர் இல்லாத நிறுவனம் வேறுவிதமாக நடந்திருந்தால் சர்வர் சந்தையை இழந்திருக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

விலைப்பட்டியலில் உள்ள விலைதான் உண்மையான விலையா?

சில்லறையில் ஓரளவுக்கு ஆம். சர்வர் செயலிகளில் பெரும்பாலும் இல்லை. ஆயிரக்கணக்கில் வாங்கும் மேகக்கணி நிறுவனங்கள் தனித்தனியே பேரம் பேசி, பட்டியல் விலையைவிடக் குறைவாகவே வாங்குகின்றன. பட்டியல் விலை அந்தப் பேரத்தின் தொடக்கப் புள்ளி.

ஆயினும் அந்தப் பட்டியலின் அசைவுகள் யாருக்கு வலு இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். 2017 மார்ச்சில் எட்டுக் கோர் ரைசன் 7 1800எக்ஸ் 499 டாலருக்கு வந்தபோது, இன்டெலின் எட்டுக் கோர் செயலிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது விலையை இறக்கி உள்ளே நுழைய வேண்டிய இடத்தில் ஏஎம்டி இருந்தது. 2024 செப்டம்பரில் இன்டெல் தன் 128 கோர் ஜியான் 6980பி செயலிக்கு 17,800 டாலர் விலை வைத்தது. அடுத்த மாதம் ஏஎம்டியின் 192 கோர் எபிக் 9965 அதைவிடக் குறைந்த, 14,813 டாலர் விலையில் வந்தது. சில மாதங்களிலேயே இன்டெல் 6980பி-யின் விலையை 12,460 டாலராக இறக்கியது. முதலில் விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் ஏழே ஆண்டுகளில் இடம் மாறிவிட்டது.

விலையை நன்றாகக் குறைத்தால் ஏஎம்டி வேகமாகப் பங்கைப் பிடிக்கலாமே?

சரக்கு மிகுந்திருந்தால் மட்டுமே அது பொருளுள்ள யோசனை. தயாரிக்கும் அனைத்தும் விற்றுப்போகும் காலத்தில் விலையைக் குறைத்தால் ஒரு செயலிகூடக் கூடுதலாக விற்காது, வருமானம்தான் குறையும். சரக்கு மிகுந்த காலத்தில் விலை தானாகவே இறங்கும். 2022 செப்டம்பர் இறுதியில் ரைசன் 7000 வரிசை வெளியானபோது கணினிச் சந்தை சரிந்துகொண்டிருந்தது. இரண்டே மாதங்களில் விலைகள் குறைந்தன. அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் தனிநபர் கணினிப் பிரிவின் வருவாய், முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 65 சதவீதம் குறைந்தது. இடைநிலை விற்பனையாளர்களிடம் தேங்கிய இருப்பு கரைவதற்காகத் தேவையைவிடக் குறைவாகவே அனுப்பியதாக நிறுவனமே விளக்கியது.

விலையைக் குறைப்பதால் மட்டும் பங்கு வராது என்பதற்கு இன்னும் கூர்மையான சான்று, போட்டியைத் தடுத்ததாக இன்டெல் மீது தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஆணையம் எடுத்த 2009-ஆம் ஆண்டு முடிவில் இருக்கிறது. ஏஎம்டி ஒரு கணினி நிறுவனத்துக்குப் பத்து லட்சம் செயலிகளை இலவசமாகவே தர முன்வந்தது. அந்த நிறுவனம் 1,60,000 செயலிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. முழுவதையும் ஏற்றிருந்தால், தான் வாங்கும் மற்ற லட்சக்கணக்கான செயலிகளுக்கு இன்டெல் தந்துகொண்டிருந்த தள்ளுபடியை அது இழந்திருக்கும். முழுத் தேவையையும் நிரப்பும் திறன் ஏஎம்டியிடம் இல்லாததால், எப்படியும் இன்டெலிடம் பெரும்பகுதியை வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை. அந்த நிலைதான் தள்ளுபடிக்கு அவ்வளவு பலம் தந்தது. அதாவது அங்கேயும் அடிப்படைச் சிக்கல் உற்பத்தித் திறன்தான்.

அந்த வழக்கின் முடிவு என்ன?

ஆணையம் இன்டெலுக்கு 1.06 பில்லியன் யூரோ அபராதம் விதித்தது. ஏஎம்டி அமெரிக்காவில் 2005-ல் தொடுத்த வழக்கை, 2009 நவம்பரில் 1.25 பில்லியன் டாலர் பெற்றுக்கொண்டு முடித்துக்கொண்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2022-ல் தள்ளுபடி தொடர்பான பகுதியை ரத்துசெய்து அபராதத்தையும் நீக்கியது. ஏஎம்டி செயலி கொண்ட கணினிகளைத் தாமதப்படுத்தவும் நிறுத்தவும் பணம் கொடுத்த பகுதிக்காக மட்டும் 2023-ல் 376 மில்லியன் யூரோ அபராதத்தை ஆணையம் மறுபடி விதித்தது. அபராதப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவுசெலவுக் கணக்குக்குப் போவது. இழந்த பங்கை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை.

சந்தைப் பங்கு என்று ஒரே காலாண்டுக்கு வெவ்வேறு எண்களைச் சொல்கிறார்களே?

எண்ணிக்கைப் பங்கு வேறு, வருவாய்ப் பங்கு வேறு. மெர்குரி ரிசர்ச் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2025-ன் முதல் காலாண்டில் சர்வர் செயலிகளில் ஏஎம்டியின் எண்ணிக்கைப் பங்கு நான்கில் ஒன்றுக்குச் சற்று அதிகம். வருவாய்ப் பங்கோ 39 சதவீதத்துக்கு மேல். அது விற்கும் சர்வர் செயலி சராசரியாக இன்டெலுடையதைவிட அதிக விலைக்குப் போகிறது என்பதையே இந்த இடைவெளி சொல்கிறது. கிடைத்த வேஃபரை உயர்ந்த கோர் எண்ணிக்கை கொண்ட செயலிகளில் செலவழித்ததன் நேரடி விளைவு அது. எண்ணிக்கையைப் பெருக்குவதே நோக்கமாக இருந்திருந்தால் மலிவான செயலிகளைக் கொட்டியிருக்கலாம். 2006-ல் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

மொத்த லாப விகிதத்தில் இதன் பலன் தெரிகிறது. 2015-ல் வருவாய் 4 பில்லியன் டாலருக்குச் சற்றுக் குறைவு, மொத்த லாப விகிதம் 27 சதவீதம். 2024-ல் வருவாய் 25.8 பில்லியன் டாலர், விகிதம் 49 சதவீதம்.

சர்வர் சந்தையில் மாற்றம் ஏன் இத்தனை மெதுவாக நடக்கிறது?

நம்பிக்கை மெதுவாகத்தான் வளரும். 2007-ல் பார்சலோனா செயலியில் வெளிப்பட்ட, டிஎல்பி பிழை எனப்பட்ட வடிவமைப்புக் குறையும் அதன்பின் வந்த பலவீனமான தலைமுறைகளும், ஏஎம்டியின் சர்வர் பங்கை ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. 2017-ல் எபிக் வந்தபோது வாங்குவோர் கேட்ட கேள்வி ‘இது நன்றாக இருக்கிறதா’ என்பதல்ல. ‘அடுத்ததும் அதற்கடுத்ததும் சொன்ன நாளில் வருமா, கேட்ட அளவுக்கு வருமா’ என்பதே. 2014 அக்டோபரில் தலைமைச் செயல் அலுவலராகப் பொறுப்பேற்ற லிசா சூவின் ஆகப்பெரிய சாதனை, 2017, 2019, 2021, 2022, 2024 என்று ஒவ்வொரு தலைமுறையையும் தவறாமல் கொண்டுவந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான்.

இன்டெல் மீண்டெழுந்தால்?

மீள்வதற்கான கருவிகள் அதனிடம் உள்ளன. அதன் புதிய 18ஏ உற்பத்தித் தொழில்நுட்பம் அரிசோனாவின் ஃபேப் 52 ஆலையில் உற்பத்திக்கு வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் என்விடியா 5 பில்லியன் டாலர் முதலீட்டை அறிவித்தது. 2024-ல் 18.8 பில்லியன் டாலர் நிகர நட்டம் கண்ட நிறுவனத்துக்கு இது மூச்சுவிட இடம் தருகிறது. சொந்த ஆலை என்பது நல்ல தொழில்நுட்பம் கைவசம் இருக்கும்போது எவ்வளவு வலிமையோ, இல்லாதபோது அவ்வளவு பாரம். 18ஏ எதிர்பார்த்த அளவு தேறினால் இன்டெலால் விலையில் கடுமையாகப் போட்டியிட முடியும். ஆனால் 2025-ன் பிற்பகுதியில், பழைய இன்டெல் 7 தொழில்நுட்பத்திலேயே தேவைக்கேற்ப உற்பத்தி இல்லை என்று இன்டெல் சொல்லியிருக்கிறது. எதிரியின் தட்டுப்பாடு ஏஎம்டிக்கு வாய்ப்புதான், தன்னிடம் உபரி வேஃபர் இருந்தால்.

ஆர்ம் செயலிகள் எவ்வளவு பெரிய ஆபத்து?

ஆர்ம் என்பது இன்டெலும் ஏஎம்டியும் பின்பற்றும் எக்ஸ்86-க்கு மாற்றான செயலி வடிவமைப்பு. நீண்ட காலத்தில் இன்டெலைவிடப் பெரிய ஆபத்து என்று கருதுகிறேன். அமேசான் 2018-லிருந்து கிராவிட்டன், மைக்ரோசாஃப்ட் 2023-லிருந்து கோபால்ட், கூகுள் 2024-லிருந்து ஆக்சியான் என்று தமக்குரிய சர்வர் செயலிகளை உருவாக்கிக்கொள்கின்றன. இவையே ஏஎம்டியின் மிகப்பெரிய வாடிக்கையாளர்களும்கூட. அமேசானின் கிராவிட்டன் செயலியைத் தயாரிப்பதும் டிஎஸ்எம்சிதான் என்பதால், வாடிக்கையாளரே வேஃபர் வரிசையில் போட்டியாளராகவும் நிற்கும் நிலை உருவாகியிருக்கிறது. எக்ஸ்86 செயலிகளுக்குள் மட்டும் பங்கைக் கணக்கிடும் எண்கள் இந்தக் கசிவைக் காட்டாது.

செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளில் என்விடியாவை நெருங்க முடியுமா?

அளவில் அண்மையில் இல்லை. 2024-ல் ஏஎம்டியின் தரவு மைய ஜிபியு (செயற்கை நுண்ணறிவுக் கணிப்புக்கும் பயன்படும் வரைகலைச் செயலி) வருவாய் 5 பில்லியன் டாலரைத் தாண்டியது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் தரவு மைய வருவாய் 115 பில்லியன் டாலர். மென்பொருளில் என்விடியாவின் கியூடா தளத்துக்கு இருக்கும் பிடியும், வழங்கல் சங்கிலியில் என்விடியா முன்கூட்டியே வளைத்துப்போட்ட இடமும் இந்த இடைவெளியைக் காக்கின்றன. ஏற்றுமதிக் கட்டுப்பாடும் குறுக்கிடுகிறது: 2025 ஏப்ரலில் சீனாவுக்கான எம்ஐ308 சில்லுக்கு உரிமம் கட்டாயமானதால், சுமார் 800 மில்லியன் டாலர் இழப்பு நேரிடக்கூடும் என்று ஏஎம்டி அறிவித்தது.

2025 அக்டோபரில் ஓபன்ஏஐ நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் படத்தை மாற்றக்கூடியது. மொத்தம் 6 ஜிகாவாட் மின்சாரத்தில் இயங்கும் அளவுக்கு ஏஎம்டி ஜிபியுக்கள். முதல் ஜிகாவாட் எம்ஐ450 வரிசையில், 2026-ன் பிற்பாதியில் தொடங்குவதாகத் திட்டம். பதிலுக்கு, இலக்குகள் நிறைவேறும்போது பங்குக்கு ஒரு சென்ட் விலையில் 160 மில்லியன் ஏஎம்டி பங்குகள் வரை ஓபன்ஏஐக்குக் கிடைக்கும். இதை விலைக் குறைப்பு என்று யாரும் அழைப்பதில்லை. பொருளாதார நோக்கில் அது விலைக் குறைப்பேதான், செலுத்துபவர்கள் மற்ற பங்குதாரர்கள். 2016-ல் வேஃபர் வாங்கும் கடமையிலிருந்து விடுபடப் பங்குரிமை கொடுத்த நிறுவனம், 2025-ல் தன் சில்லுகளை வாங்கவைக்கப் பங்குரிமை கொடுக்கிறது. உறுதியான பெரிய தேவை கையில் இருந்தால் டிஎஸ்எம்சியிடமும் எச்பிஎம் நிறுவனங்களிடமும் துணிந்து இடம் கேட்கலாம் என்பதே இதன் உண்மையான மதிப்பு. அந்தக் காரணத்துக்காக இந்த விலை கொடுக்கத் தகுந்தது என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் டிஎஸ்எம்சியிடம் ஒப்படைத்திருப்பது அபாயம் இல்லையா?

அபாயம்தான். நிலநடுக்கமும் நீரிணை அரசியலும் தைவானைச் சூழ்ந்தவை. டிஎஸ்எம்சியின் அரிசோனா ஆலை 2024-ன் கடைசிக் காலாண்டில் 4 நானோமீட்டர் உற்பத்தியைத் தொடங்கியது. ஐந்தாம் தலைமுறை எபிக் சில்லுகள் அங்கே தயாராகிச் சோதனையில் தேறியதாக 2025 ஏப்ரலில் ஏஎம்டி தெரிவித்தது. எனினும் அங்கே செலவு அதிகம், மிகப் புதிய தொழில்நுட்பம் முதலில் தைவானுக்கே வருகிறது. அடுத்த எபிக் தலைமுறையான வெனிஸ், டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டரில் வடிவமைப்பு முடித்து அனுப்பிய முதல் உயர்திறன் கணிப்புச் சில்லு. அந்த முன்னிடம் டிஎஸ்எம்சியோடுள்ள நெருக்கத்தால் கிடைத்தது. அதே நெருக்கம்தான் சார்பும்.

சர்வர் வருவாயில் பாதிக்கு மேல் என்ற இலக்கு எட்டக்கூடியதா?

2025 நவம்பரில் முதலீட்டாளர் கூட்டத்தில் ஏஎம்டி, அடுத்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் சர்வர் செயலி வருவாயில் 50 சதவீதத்துக்கு மேலும் தனிநபர் கணினிகளில் 40 சதவீதத்துக்கு மேலும் பிடிக்கும் இலக்கை வைத்தது. சர்வரில் ஏற்கெனவே 40 சதவீதத்தை ஒட்டி நிற்பதால் முதல் இலக்கு எட்டக்கூடியதாகவே எனக்குப் படுகிறது. இரண்டாவது கடினம். பெரிய நிறுவனங்களின் அலுவலக மடிக்கணினிகள் இன்னும் இன்டெலின் கோட்டை. அங்கே அளவும் தொடர்ச்சியான வழங்கலும் விலையைவிட முக்கியம். செயற்கை நுண்ணறிவுச் சில்லுகள் நவீன வேஃபர்களை விழுங்கும் காலத்தில், லாபம் குறைந்த மடிக்கணினிச் செயலிகளுக்கு ஏஎம்டி எவ்வளவு இடம் ஒதுக்கும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்புபவர் எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

காலாண்டு அறிக்கையில் வருவாய்க்கும் லாபத்துக்கும் கீழே மூன்று வரிகள் உள்ளன. முதலாவது, கொள்முதல் கடப்பாடுகள்: வருங்காலத்தில் எவ்வளவு வேஃபரும் பொருளும் வாங்க உறுதியளித்திருக்கிறது என்று இது சொல்லும், இது வேகமாக உயர்ந்தால் நிறுவனம் வளர்ச்சியை எதிர்பார்க்கிறது. இரண்டாவது, கையிருப்பு மதிப்பு: கடப்பாடும் விற்பனையும் உயரும்போது கையிருப்பு உயர்வது இயல்பு, விற்பனை தேங்கிக் கையிருப்பு மட்டும் உயர்ந்தால் அடுத்து விலைகள் இறங்கும். மூன்றாவது, மொத்த லாப விகிதம். ஜிபியு விற்பனை பெருகப் பெருக இந்த விகிதம் அழுத்தத்துக்கு உள்ளாகலாம், ஏனெனில் எச்பிஎம் நினைவகத்தின் விலையும் அந்தச் சில்லின் செலவில் சேருகிறது. எனவே விகிதம் குறைந்ததும் விலைப்போர் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டாமல், எந்தப் பிரிவின் விற்பனை கூடியது என்று பார்த்த பிறகே பொருள் கொள்ள வேண்டும்.